பூனையும் இருக்கணும், தும்மலும் நிக்கணும்னா என்ன பண்ணலாம்

மன்னார்குடி பக்கம் எங்களது ஓட்டு வீடு, பூனை வந்து ஆறு வருஷம் ஆச்சு, மூணாவது வருஷத்துலதான் பொண்ணுக்கு ஆரம்பிச்சது. காலைல எழுந்ததும் வரிசையா பத்துப் பதினஞ்சு தும்மல், கண்ணு ரெண்டும் செவந்து போய் கசக்கிக்கிட்டே இருப்பா. பூனையைக் கொண்டு போய் எங்கயாவது விட்டுடுன்னு சொல்லாத சொந்தக்காரங்களே இல்ல. எனக்கு மனசு வரல.

முதல்ல அது பூனையாலதானான்னு பாருங்க. நம்ம பக்கம் தை மாசம் சம்பா அறுப்புல பதரும் வைக்கோல் தூசியும் பறக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில செவுரெல்லாம் ஓதம் ஏறி பூஞ்சை புடிக்கும், ரெண்டுமே தும்ம வைக்கும். அலர்ஜி டாக்டர்கிட்ட போனா முன்கையில சொட்டு சொட்டா மருந்து வச்சு லேசா குத்தி, கால் மணி நேரத்துல எங்க தடிக்குதுன்னு பாத்து சொல்லிடுவாங்க. செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை போடுறவங்க அதை எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு கேட்டுட்டுப் போங்க, இல்லன்னா தடிக்க வேண்டியது தடிக்காது.

பிரச்சனை முடியில இல்லங்க. பூனையோட எச்சில்லயும் தோல் எண்ணெய்லயும் ஒரு புரதம் இருக்கு, ஃபெல் டி 1னு பேரு. எங்க பூனை திண்ணை வெயில்ல உக்காந்து முன்னங்காலை நக்கி நக்கி காதைத் துடைக்கும்ல, அந்த எச்சில் காஞ்சு கண்ணுக்குத் தெரியாத பொடியா காத்துல மிதக்கும், துணியில ஒட்டும். அதனால முடியை வெட்டி விட்டா சரியாகிடும்ங்கிறது நடக்காத காரியம், நாய்க்கும் இதே கதைதான், அலர்ஜியே வராத ஜாதி நாய்னு சொல்லி விக்கிறதையும் நம்பாதீங்க.

எனக்குக் கேட்டா படுக்கிற ரூம்தான் எல்லாத்தையும் விட முக்கியம். பகல்லயும் சரி ராத்திரியும் சரி, அங்க பூனை காலே வைக்கக் கூடாது. எங்க வீட்டுல கதவு சாத்தித்தான் இருந்துச்சு, ஆனா துவைச்சுக் காயப்போட்ட போர்வையைக் கூடத்துல மடிச்சு வைப்பேன், அது மேல ஏறித் தூங்கியிருக்கு, அதையே ராத்திரி புள்ளைக்குப் போத்தி விட்டிருக்கேன், இது புரியவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப துவைச்ச துணி நேரா பீரோவுக்குள்ள போயிடும். தலகாணி உறை, போர்வை எல்லாம் வாரம் ஒரு தடவை நல்ல சுடுதண்ணியில அலசுங்க. இலவம்பஞ்சு மெத்தையை விட கோரைப்பாய் எவ்வளவோ மேல், ஈரத்துணியால துடைச்சா முடிஞ்சது.

விளக்கமாறு போட்டுக் கூட்டினா எல்லாம் மேல கிளம்பும், ஈர மாப்புதான் சரி, அதுவும் அலர்ஜி இல்லாதவங்க துடைக்கட்டும். பூனையைக் கொஞ்சினா உடனே கை கழுவணும், அதுக்குள்ள கண்ணைத் தொடக் கூடாது. நாய்னா வாரம் ரெண்டு தடவை குளிப்பாட்டினா கொஞ்சம் குறையும், ஆனா ரெண்டு மூணு நாள்ல திரும்ப பழையபடி ஆயிடும். கடுவன் பூனைக்குக் கருத்தடை பண்ணினா அந்தப் புரதம் குறையும், கால்நடை டாக்டர்கிட்ட கேளுங்க. தெனமும் அடிக்கச் சொல்லி டாக்டர் மூக்கு ஸ்ப்ரே குடுத்தா விடாம அடிக்கணும், தும்மல் வர்ற அன்னைக்கு மட்டும் அடிச்சா அந்த அளவுக்குப் பிரயோஜனம் இருக்காது.

இளைப்போ வீசிங்கோ வந்தா மட்டும் வீட்டு வைத்தியம் பாத்துக்கிட்டு உக்காராதீங்க, உடனே டாக்டர். மருந்துக்கும் அடங்கலன்னா பூனையை நம்பிக்கையான ஒருத்தர் வீட்டுல குடுக்கிறதுல தப்பே இல்ல, ரோட்டுல மட்டும் விட்டுடாதீங்க. குடுத்த மறுநாளே சரியாகலயேன்னு பதறவும் வேணாம், அந்தப் பொடி மெத்தையிலயும் திரைச்சீலையிலயும் மாசக்கணக்குல கெடக்கும், எல்லாத்தையும் துவைச்சு வெயில்ல போட்டாத்தான் போகும்.