வாடிக்கையாளர் வாயால் அடுத்த வாடிக்கையாளர்: சிறுதொழிலுக்குச் சிபாரிசு திரட்டும் வழி

வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும், ஆள் தானாக வரும் என்பார்கள். அது பாதிதான் உண்மை. திருப்தியோடு போன வாடிக்கையாளருக்கு, பக்கத்தில் ஒருவர் "இதுக்கு நல்ல ஆள் யாராவது தெரியுமா?" என்று கேட்கும் நேரத்தில் உங்கள் ஞாபகம் வர வேண்டும். வந்தாலும், உங்களைப் பற்றி என்ன சொல்வது என்று தெரிய வேண்டும். அதுவும் தெரிந்தால், எண்ணையோ முகவரியையோ உடனே எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். பெரும்பாலான சிபாரிசுகள் இந்த மூன்று இடங்களில் ஒன்றில்தான் தொலைந்துபோகின்றன.

இன்னொன்றும் உண்டு. உங்களைச் சிபாரிசு செய்வது உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போடுவது போன்றது. நீங்கள் சொதப்பினால் கெடுவது அவருடைய பெயர். பரிசுக் கூப்பன் கொடுத்தும் பலர் வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான். அதனால் இந்த விளக்கத்தில் பரிசு கடைசியில்தான் வரும்.

உழைப்புக்குப் பலன் உண்டா என்றால், உண்டு. ஜெர்மனியில் ஒரு வங்கியின் சுமார் 10,000 வாடிக்கையாளர்களை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. சிபாரிசில் வந்தவர்கள் மற்றவர்களைவிட 16 சதவீதமாவது கூடுதல் மதிப்புள்ளவர்களாக இருந்தார்கள்; விலகிப்போவதும் குறைவு. உங்கள் தொழிலிலும் அதே எண் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் காரணம் எங்கும் பொருந்தும்: நண்பரை அனுப்புகிறவர், அவருக்கு இது ஒத்துவருமா என்று முன்பே மனதுக்குள் சலித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.

படி 1: இப்போது எங்கிருந்து வருகிறார்கள்?

ஒரு நோட்டு போதும். நான்கு வாரத்துக்கு, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சுது?" அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். "யாராவது சொல்லி வந்தீங்களா?" என்று கேட்கக் கூடாது, மரியாதைக்காக "ஆமா" என்று சொல்லிவிடுவார்கள், கணக்கு கெடும். யாரோ சொன்னார் என்றால் அடுத்த கேள்வி: "யாருன்னு சொன்னா அவங்களுக்கு நன்றி சொல்லலாமே."

நோட்டில் ஐந்து பத்திகள்: தேதி, வந்தவர், எப்படித் தெரிந்தது, அனுப்பியவர், வாங்கினாரா இல்லையா. மாதக் கடைசியில் ஒரே பெயர் இரண்டு மூன்று இடத்தில் தென்படலாம். சத்தமில்லாமல் உங்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். முதல் நன்றி அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

படி 2: யாரிடம் கேட்பது என்று பிரியுங்கள்

எல்லோரிடமும் கேட்பது தவறு. மனதில் குறையை வைத்துக்கொண்டிருப்பவரிடம் போய் "நாலு பேருக்குச் சொல்லுங்க" என்றால் எரிச்சல்தான் மிஞ்சும். பிரிப்பதற்குப் பழைய கேள்வி ஒன்று உண்டு: "எங்களை உங்க நண்பருக்குச் சிபாரிசு செய்வீங்களா? 0 முதல் 10க்குள் ஒரு எண் சொல்லுங்க." அமெரிக்க நிர்வாக ஆலோசகர் ஃபிரெட் ரைக்கெல்ட் 2003இல் பிரபலமாக்கிய முறை இது. 9, 10 சொல்பவர்கள் ஆதரவாளர்கள். 7, 8 நடுநிலை. 6 வரை சொல்பவர்கள் அதிருப்தியாளர்கள்.

பெரிய நிறுவனங்கள் இதை வைத்து ஒரு மதிப்பெண் கணக்கிடும். சிறுதொழிலுக்கு அது வீண்வேலை. இருபது பேர் பதில் சொல்லியிருக்கும்போது இருவர் மனம் மாறினாலே மதிப்பெண் தலைகீழாகிவிடும். பிரிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 9, 10 சொன்னவரிடம் சிபாரிசு கேளுங்கள். 7, 8 சொன்னவரிடம், "10 ஆக என்ன குறையுது?" என்று மட்டும் கேளுங்கள், இலவசமாகக் கிடைக்கும் யோசனைகளில் இவ்வளவு நல்லது வேறில்லை. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் குறுஞ்செய்தி அனுப்பாமல் அன்றே போன் போடுங்கள். குறையைத் தீர்த்த பிறகு இவர்களில் சிலர் மற்றவர்களைவிட உரக்கப் பேசுவார்கள், ஆனால் அந்தப் போனிலேயே சிபாரிசு கேட்டுவிடாதீர்கள்.

படி 3: அவர்கள் வாயில் நிற்கும் ஒரு வரி

"தரமான சேவை, நியாயமான விலை" என்பதை யாரும் இன்னொருவரிடம் சொல்வதில்லை. எல்லோரும் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அதுதான். அடுத்தவருக்குக் கடத்தக்கூடிய வரியில் ஒரு குறிப்பான விஷயம் இருக்கும்: "லேப்டாப்பைக் காலையில கொடுத்தா சாயங்காலம் வந்துடும், சரியாகலேன்னா காசு வாங்க மாட்டாங்க." "கணக்கு முடிச்சதும் எதுக்கு எவ்வளவு வரின்னு ஒரே பக்கத்துல எழுதித் தருவாங்க."

இந்த வரியை நீங்களாக யோசித்து எழுதாதீர்கள். 9, 10 சொன்னவர்களில் பத்துப் பேரிடம், "உங்க நண்பர்கிட்ட எங்களைப் பத்திச் சொல்றதா இருந்தா என்ன சொல்வீங்க?" என்று கேட்டு, பதிலை ஒரு சொல்கூட மாற்றாமல் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பேர் ஒரே விஷயத்தைத் தொட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது நீங்கள் பெருமையாக நினைக்கும் விஷயமாக இருக்காது. நீங்கள் தொழில்நுட்பத் திறமையை நினைப்பீர்கள். அவர்கள் "போன் பண்ணா எடுப்பாங்க" என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. ரசீதிலும் அட்டையிலும் செய்தியிலும் அந்த வரியைப் போடுங்கள். பத்துப் பேரும் பொதுவாக "நல்லா இருக்கு" என்றால், இங்கேயே நின்று, பேசத்தக்க ஒன்றைச் சேவைக்குள் சேர்த்துவிட்டு வாருங்கள். அது இல்லாமல் மீதிப் படிகள் ஓடாது.

படி 4: நேரம்

பணம் வாங்கும்போது கேட்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. கல்லாவில் நிற்பவருக்குச் செலவு மட்டும் தெரிகிறது, பலன் இன்னும் தெரியவில்லை. பலன் கைக்கு வந்த பிறகு கேளுங்கள். பழுதுபார்ப்பு என்றால் பொருள் மூன்று முதல் ஏழு நாள் ஓடிய பிறகு. தையல் என்றால் உடையை உடுத்திப் போன மறுநாள். வகுப்பு என்றால் மாணவர் முதல் முன்னேற்றத்தைக் காட்டிய வாரம். தொடர் சேவை என்றால் இரண்டாவது முறை பணம் கட்டிய பிறகு, ஏனென்றால் திரும்ப வந்ததே ஒரு வாக்குமூலம்.

இதையெல்லாம்விட நல்ல நேரம், அவரே வாய்விட்டுப் பாராட்டும் நொடி. பலர் அப்போது "பரவாயில்லைங்க" என்று கூச்சத்தோடு பேச்சை முடித்துவிடுவார்கள். உங்களிடம் வேலை செய்பவர்களுக்கும் இதைப் பழக்குங்கள்: பாராட்டு வந்தால் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த படியில் உள்ள வரியைச் சொல்ல வேண்டும்.

படி 5: கேட்கும் விதம்

"யாராவது இருந்தா சொல்லுங்க" என்றால், "கண்டிப்பா" என்பார். அந்த நிமிடமே மறந்துவிடுவார். "யாராவது" என்றால் மனக்கண்ணில் எந்த முகமும் வராது. கேள்வியைக் குறுக்குங்கள்:

"உங்க ஆபீஸ்ல லேப்டாப் மெதுவா ஓடுதுன்னு புலம்புறவங்க யாராவது இருக்காங்களா? அவங்களுக்கு இந்த மெசேஜை ஃபார்வர்டு பண்ணினா போதும். பார்த்துட்டு, செலவு பண்ற அளவுக்கு இல்லேன்னா அதையும் நேராச் சொல்லிடுவோம்."

இதில் மூன்று வேலை நடக்கிறது. ஆபீஸ் என்றதும் நாலு முகங்கள் மனதில் வரும். செய்ய வேண்டியது ஒரே ஒரு செயல். கடைசி வாக்கியம் அவருடைய ஜாமீன் பயத்தைக் குறைக்கிறது: நண்பர் தலையில் எதையும் கட்டிவிட மாட்டார்கள் என்று தெரிகிறது.

நண்பர்களின் எண்களைக் கேட்டு வாங்கி நீங்களே அழைக்காதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. பல நாடுகளில் தனிநபர் தகவல் சட்டமும் குறுக்கே வரும். எல்லாவற்றுக்கும் மேல், கோபம் எண் கொடுத்தவர் மீது திரும்பும்.

சில தொழில்களில் இந்தப் படியே செல்லாது. கடன் ஆலோசனை, முடி உதிர்வுச் சிகிச்சை போன்றவற்றில், எவ்வளவு திருப்தி இருந்தாலும் "நான் அங்கே போனேன்" என்று சொல்ல யாருக்கும் விருப்பம் இருக்காது. அங்கே வாடிக்கையாளரை விட்டுவிட்டு, உங்களுக்கு முன்னும் பின்னும் அதே ஆளைச் சந்திக்கும் வேறு தொழில்காரரிடம் பழகுங்கள்.

படி 6: கையில் கொடுக்க வேண்டியவை

முதலில், ஃபார்வர்டு செய்யும் செய்தி. நான்கு வரிக்கு மேல் வேண்டாம். உங்கள் குரலில் இல்லாமல் வாடிக்கையாளர் குரலில் எழுதுங்கள், "சலுகை! முந்துங்கள்!" என்று இருந்தால் நண்பர்கள் குழுவில் போட அவருக்கே கூச்சமாக இருக்கும். மாதிரி:

"என் லேப்டாப்பை இவங்ககிட்டதான் கொடுத்தேன். ஒரே நாள்ல சரி பண்ணிட்டாங்க. முதல்ல பார்த்துட்டு எவ்வளவு ஆகும்னு சொல்வாங்க, அதுக்குக் காசு இல்லை. என் பேரைச் சொல்லு."

அதன் கீழே உங்கள் இணைப்பு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் குறுகிய இணைப்பு உருவாக்கும் வசதி இருக்கிறது. தட்டினால், முன்கூட்டியே எழுதிய வரியோடு உங்கள் அரட்டைப் பக்கம் திறக்கும். அந்த வரியை "வணக்கம், என்னை அனுப்பியவர்:" என்று முடித்து வைத்தால், வருபவரே பெயரை நிரப்பிவிடுவார், படி 1இன் நோட்டு பாதி தானாக நிறையும்.

அடுத்து அட்டை. ஒருவருக்கு இரண்டு போதும். கட்டாகக் கொடுத்தால் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். அனுப்புபவர் பெயருக்கு ஒரு கோடு விடுங்கள். குழப்பமான எழுத்து-எண் குறியீடுகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. கியூஆர் கோடு போடுவதானால் பக்கத்துக்கு 2 சென்டிமீட்டராவது இருக்கட்டும், சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். அழகுக்காக அந்த ஓரத்தை வெட்டியதால் ஸ்கேன் ஆகாமல் போகும் அட்டைகள் ஏராளம். மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரு தாளில் அடித்து, இரண்டு வேறு போன்களில், மங்கிய வெளிச்சத்திலும் சோதியுங்கள்.

படி 7: வந்தவரை வரவேற்பதும் அனுப்பியவருக்கு நன்றியும்

சிபாரிசில் வந்த விசாரணைக்கு அன்றே பதில் போக வேண்டும். முதல் வாக்கியத்தில் அனுப்பியவர் பெயர் வரட்டும். ஆனால் அவர் உங்களிடம் என்ன வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்பது வாயில் வரவே கூடாது.

அனுப்பியவருக்கு 24 மணி நேரத்துக்குள் ஒரு நன்றி. வந்தவர் வாங்கினாரா என்று காத்திருக்க வேண்டாம். அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். வேலை முடிந்ததும் "நல்லபடியா முடிஞ்சுது" என்று இன்னொரு வரி. ஜாமீன் போட்டவருக்கு நிம்மதி தருவது அதுதான். இதைத் தவறவிடும் தொழில்களில் ஒருவர் ஒருமுறை அனுப்புவதோடு நின்றுவிடுகிறார்.

படி 8: பரிசு வேண்டுமானால்

முந்தைய ஏழும் ஓடத் தொடங்கி இரண்டு மாதம் ஆன பிறகு யோசியுங்கள். கணக்கை விற்பனையில் போடாமல் லாபத்தில் போடுங்கள். ஒருமுறை வாங்குவது 100 பங்கு, அதில் செலவு போக நிற்பது 30 என்று வையுங்கள். ஆண்டுக்கு நான்கு முறை வருகிறார் என்றால் லாபம் 120. அதில் கால் பங்கு, அதாவது 30ஐ, அனுப்பியவர், வந்தவர் இருவருக்கும் சேர்த்த உச்சவரம்பாக வைத்தால் ஆளுக்கு 15. ஒரே ஒரு முறை மட்டும் வாங்கும் தொழிலில் இதே கால் பங்கு வெறும் 7.5 தான். இந்தக் கணக்கைப் போடாமல் "இருவருக்கும் 20 சதவீதம் தள்ளுபடி" என்று அறிவித்தால், அந்தத் தொழிலில் 40 பங்கு வெளியே போகும், உள்ளே வந்த லாபமோ 30.

இருவருக்கும் கொடுங்கள். அனுப்புபவருக்கு மட்டும் என்றால், நண்பரை விற்றுக் காசு பார்ப்பது போல் அவருக்கே தோன்றும். இணையத்தில் கோப்புகளைச் சேமித்துவைக்க இடம் தரும் டிராப்பாக்ஸ் தன் தொடக்க ஆண்டுகளில் அழைத்தவருக்கும் வந்தவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் கொடுத்தே வேகமாகப் பரவியது. பரிசு பணமாக இல்லாமல் அதே சேவையின் இன்னொரு துண்டாக இருந்ததைக் கவனியுங்கள்: கொடுப்பவருக்குச் செலவு குறைவு, பணத்துக்காக மட்டும் வருபவருக்கு ஈர்ப்பு குறைவு.

விதிகளை ஐந்து வரியில் எழுதி ஒட்டுங்கள். புதியவர் என்றால் இதுவரை வாங்காதவர். பரிசு, அவர் பணம் கட்டித் திருப்பிக் கொடுக்கும் காலமும் முடிந்த பிறகு. ஒரு சிபாரிசுக்கு ஒரு பரிசு. வேறு சலுகையோடு சேராது. செல்லுபடியாகும் கடைசித் தேதி. இல்லாவிட்டால், பழைய வாடிக்கையாளரே வீட்டில் உள்ள இன்னொரு எண்ணில் புது ஆளாக வந்து நிற்பார்.

கூகுளில் விமர்சனம் எழுதியதற்குப் பரிசு கொடுக்காதீர்கள். அவர்களுடைய விதி அதைத் தடுக்கிறது, விமர்சனங்கள் நீக்கப்படலாம். மருத்துவம், சட்டம், நிதி போன்ற துறைகளில் சிபாரிசுக்குப் பணம் கொடுக்கப் பல நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு. உங்கள் துறையின் விதியைப் படித்துவிட்டு இந்தப் படிக்கு வாருங்கள்.

படி 9: எங்கே ஒழுகுகிறது?

மாதம் ஒருமுறை நான்கு எண்கள்: எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எத்தனை பேர் அனுப்பினார்கள், எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள். 40, 10, 6, 3 என்று வந்தால் முதல் இறக்கம்தான் பெரியது: நேரத்தையோ கேட்கும் வரியையோ மாற்றுங்கள். 40, 25, 3, 2 என்றால் கேட்பது சரி, ஃபார்வர்டு ஆகும் செய்திதான் விளம்பரம் மாதிரி இருக்கிறது. 40, 20, 15, 2 என்றால் சிபாரிசில் கோளாறே இல்லை. பதில் தாமதமாகப் போகிறது, அல்லது செய்தியில் சொன்னதும் நேரில் நடப்பதும் வேறுவேறாக இருக்கிறது. ஒரு மாதத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அந்த 40இல் ஒரே பெயர் அடுத்தடுத்த மாதங்களில் வரக் கூடாது. ஒருவரிடம் ஒருமுறை கேட்டால் அடுத்த மூன்று மாதத்துக்கு அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். இரண்டு முறை கேட்டும் அனுப்பாதவர் பெயருக்கு நேராக நோட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அவர் தொடர்ந்து வாங்கட்டும், அது போதும்.