வைக்கோல் கட்டுகளால் சுவர் எழுப்புவது எப்படி? வடசென்னைக்கான செய்முறை

வைக்கோல் சுவருக்கு எமன் ஈரம்தான். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் அது தரையிலிருந்தும் ஏறும், சாரலிலும் அடிக்கும், கடல்காற்றிலும் வரும். ஆகவே முதலில் கூரை, பிறகு சுவர். தூணும் உத்திரமும் கூரையைத் தாங்கட்டும். வைக்கோல் இடைவெளியை நிரப்பினால் போதும். கட்டின் மேலேயே கூரையை ஏற்றும் முறை புதியவர்களுக்கு வேண்டாம். கூரை சுவரைத் தாண்டி 3 அடி நீண்டிருக்க வேண்டும்.

பேஸ்மென்ட்

2015, 2023 டிசம்பர் வெள்ளம் உங்கள் தெருவில் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். அதற்கு மேல் ஓரடியாவது பேஸ்மென்ட் உயர வேண்டும். புதிதாக ரோடு போடும்போதெல்லாம் தெரு மட்டம் ஏறுவதையும் கணக்கில் வையுங்கள். அவ்வளவு உயர்த்த முடியாத மனையில் செங்கல்லே நல்லது. பேஸ்மென்ட் மேல் தார் ஷீட் விரித்து, சுவரின் இரு ஓரத்திலும் கரையான் மருந்து அடித்த 4 செ.மீ. ரீப்பர் (மரச்சட்டம்) வைத்து, நடுவில் ஜல்லி நிரப்புங்கள். வீட்டுக்குள் தண்ணீர் கொட்டினாலும் கட்டைத் தொடாது.

கட்டு தேர்வு

சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் வாங்கலாம். உருளைக் கட்டு உதவாது. செவ்வகக் கட்டு கேளுங்கள். 36×46×90 செ.மீ. கட்டு சுமார் 15 கிலோ இருக்கும். ரொம்ப லேசானது தளர்ந்த கட்டு, ரொம்ப கனமானது ஈரக்கட்டு. கையை நடுவரை விட்டுப் பாருங்கள்: உள்ளே வெதுவெதுப்போ பூஞ்சை வாடையோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஈரமானியில் 15 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். 20ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும்.

10 அடி நீளம், உத்திரத்தின் அடிவரை 8¼ அடி உயரமுள்ள சுவருக்கு 7 வரிசை, 24 கட்டு. சேதாரம் சேர்த்து 26.

அடுக்குதல்

செங்கல் போலவே இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல் அடுக்குங்கள். அரைக்கட்டு தேவைப்பட்டால், நீண்ட கோணி ஊசியால் இரு பாதிக்கும் புதுக்கயிறு கோத்து இறுக்கிய பிறகே பழைய கயிற்றை அறுங்கள். ஆறு வரிசை ஏறியதும் மேலே பலகை போட்டு, உத்திரத்துக்கும் பலகைக்கும் நடுவே கார் ஜாக்கி வைத்து 5 செ.மீ. அழுத்தி, ஏழாவது வரிசையைத் திணியுங்கள். அழுத்தாமல் விட்டால் சில மாதத்தில் சுவர் இறங்கி, உத்திரத்தடியில் எலி நுழையும் சந்து விழும். இருபுறமும் 2 அடிக்கு ஒன்றாக மூங்கில் நிறுத்தி, கட்டின் ஊடே கயிறு கோத்து எதிரெதிராக இழுத்துக் கட்டுங்கள். இரும்புக் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும்.

தண்ணீர்க் குழாயை இந்தச் சுவருக்குள் விடாதீர்கள். குளியலறைச் சுவர் செங்கல்லாக இருக்கட்டும். உதிர்ந்த வைக்கோலை அன்றன்றைக்கே கூட்டுங்கள். பூச்சு முடியும்வரை தீ அபாயம் அதில்தான்.

பூச்சு

சிமென்ட் வேண்டவே வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் வைக்கோல் அழுகும்.

முதல் பூச்சு, மோர் பதத்தில் கரைத்த களிமண். கையால் தேய்த்து வைக்கோலுக்குள் இறங்கச் செய்யுங்கள். அது காய்ந்ததும் களிமண் 1, மணல் 3, 2 அங்குலமாக நறுக்கிய வைக்கோல் 1 சேர்த்துக் குழைத்து 25 மி.மீ. கனம் பூசுங்கள். கடற்கரை மணல் கூடாது, அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும்; பி-சாண்ட் (பூச்சுக்கென்று கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போதும். நேர்வெயில் பட்டால் வெடிக்கும் என்பதால் கோணிச் சாக்கு தொங்கவிடுங்கள். மயிரிழை வெடிப்பு பரவாயில்லை, அடுத்த பூச்சு மூடிவிடும். கடைசியாக, இரண்டு வாரம் ஊறிய சுண்ணாம்பு 1, மணல் 3, கடுக்காய்த் தண்ணீர் விட்டு 8 மி.மீ. எல்லாப் பூச்சும் ஆவணிக்குள் முடிந்து காய்ந்துவிட வேண்டும்.

ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் சுண்ணாம்பு அடியுங்கள். மழை ஓய்ந்ததும் அடிவரிசையில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். 20க்கு மேல் காட்டினால் அந்த இடத்தின் பூச்சை மட்டும் கொத்தி எடுத்து, உலர்ந்த பிறகு மூடுங்கள்.