பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?

"ஆயுர்வேதத்தில் பக்கவிளைவே கிடையாது" என்று அடித்துச் சொல்பவர்களில் பெரும்பாலோர் ஆயுர்வேதத்தைப் படித்தவர்கள் அல்லர். முறையோடு கொடுத்தால் கடும் நஞ்சும் மருந்தாகும், முறை தவறினால் நல்ல மருந்தும் நஞ்சாகும் என்று ஆயுர்வேதத்தின் மூல நூலான சரக சம்ஹிதையே சொல்கிறது. சேங்கொட்டையையும் எட்டிக்கொட்டையையும் சுத்தி செய்யாமல், அதாவது நச்சுத்தன்மையைக் குறைக்காமல், மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது வைத்தியர்களுக்குப் பாலபாடம். அந்தக் கவனம்தான் இன்று நம்மிடம் இல்லை.

முதல் தவறு, சமையலறையில் இருக்கும் பொருளையும் மாத்திரைக்குள் இருக்கும் பொருளையும் ஒன்றென்று நினைப்பது. சமையலில் போடும் மஞ்சளில் குர்குமின் என்ற வேதிப்பொருள் சில சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். மாத்திரையிலோ அதைச் செறிவாக்கி, உடல் கூடுதலாக உறிஞ்சட்டும் என்று மிளகின் பைப்பரினையும் சேர்க்கிறார்கள். இப்படிச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் வீங்கியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

அதிமதுரமும் அப்படித்தான். தொண்டைக் கரகரப்புக்கு ஓரிரு நாள் மெல்வதில் பெரும்பாலும் தொல்லையில்லை. வாரக்கணக்கில் தினமும் எடுத்தால், அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். அழுத்தம் ஏன் ஏறியது என்று தெரியாமல் மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். நோயாளியும் அதிமதுரத்தைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார். அதை மருந்தென்று அவர் நினைக்கவே இல்லையே!

ஆங்கில மருந்தோடு சேரும்போதுதான் சிக்கல் அதிகம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி என்று அடுக்கிக்கொண்டே போனால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். அமுக்கரா, அதாவது அசுவகந்தா, தைராய்டு சுரப்பைத் தூண்டக்கூடியது; தைராக்ஸின் மாத்திரையோடு சேர்ந்தால் நெஞ்சு படபடக்கலாம். கர்ப்பிணிகள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் மஞ்சள், பூண்டு மாத்திரைகளைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு முன்பும் இவற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சேர்ப்பதைவிடக் கொடியது நிறுத்துவது. லேகியம் ஆரம்பித்தாயிற்று என்று டைப் 1 சர்க்கரை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையும் திடீரென நிறுத்தக் கூடாத ஒன்று.

மூட்டுவலிக்கு வாங்கும் பெயர் தெரியாத பொடிகள் தனிக் கதை. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டதென்றால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும். சட்டென நிறுத்தினாலும் ஆபத்து. உலோகக் கலப்பும் கட்டுக்கதையல்ல. 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. என்ன சேர்த்திருக்கிறது, யார் தயாரித்தது என்று லேபிள் சொல்லாத எதையும் வாங்காதீர்கள்.

மலச்சிக்கலுக்கு நிலாவரையை மாதக்கணக்கில் தொடர்வதும் தவறு; ஓரிரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

ஆயுர்வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது தினசர்யா, அதாவது அன்றாட ஒழுங்கு. நேரத்துக்கு உணவு, நேரத்துக்கு உறக்கம், பத்தியம். நெஞ்செரிச்சலுக்குச் சூரணம் வாங்குபவர் அதையெல்லாம் விட்டுவிட்டு, நள்ளிரவில் வயிறு முட்டத் தின்று உடனே படுக்கிறார். பழி மட்டும் சூரணத்துக்கு.

எந்த மூலிகை எடுத்தாலும் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ, பசியே இல்லாமல் குமட்டினாலோ அதை நிறுத்துங்கள். காமாலைக்குக் கீழாநெல்லி தேடி ஓடாமல், அன்றே மருத்துவரிடம் போய்க் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போகும்போது மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.