பழைய கொலு பொம்மைக்கு கண்ணு எழுதுறது எப்படி

புரட்டாசி பொறந்தா எங்க வீட்டு பரண்ல இருந்து ட்ரங்க் பெட்டி கீழ இறங்கிடும். அம்மாயி சேலம் செவ்வாப்பேட்டைல இருந்தப்போ வருஷத்துக்கு ஒன்னு ரெண்டுன்னு வாங்கி சேத்த மண் பொம்மைங்க, இப்போ எங்கிட்ட இருக்கு. மூக்கு நுனி லேசா உடைஞ்சிருந்தாலும் படில வெச்சா தெரியாது, சேலை கலரு வெளுத்தாலும் பரவால்ல, ஆனா கண்ணு மங்கிருச்சுன்னா அந்த பொம்மை செத்துப்போன மாதிரி ஆயிடும். அதனால நான் ஏழெட்டு வருஷமா நானே கண்ணு எழுதுறேன், கத்துக்கிட்டதை அப்படியே சொல்றேன், பொறுமை இருந்தா யார் வேணாலும் பண்ணலாம்.

மொதல்ல ஒன்னு, ஈரத்துணி கிட்டயே போகாதீங்க. முதல் வருஷம் செட்டியார் பொம்மை மூஞ்சில தூசின்னு ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுத்தேன், இடது கண்ணு அப்படியே துணியோட வந்துருச்சு. அம்மாயி கையால வாங்கின பொம்மை, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. பழைய மண் பொம்மைல இருக்குறது பெரும்பாலும் தண்ணில கரையுற பெயிண்ட்டு, அதுக்கு ஈரம் ஆகாது. காஞ்ச மெல்லிசு பிரஷ்ஷால மேலருந்து கீழ மெதுவா தட்டி விடுங்க, அது போதும்.

அடுத்து, இருக்குற கண்ணை அழிக்கிறதுக்கு முன்னாடி போன்ல கிட்டத்துல நேரா ஒரு போட்டோ, ரெண்டு பக்கவாட்டுலயும் ஒவ்வொன்னு எடுத்துக்கங்க. ட்ரேசிங் பேப்பரை கண்ணு மேல வெச்சு பென்சில்ல கோடு எடுத்துட்டா இன்னும் நல்லது. ஏன்னா நம்ம ஊரு பொம்மைக்கு கண்ணு நிஜ மனுஷன் கண்ணு மாதிரி இருக்காது, கயல் மாதிரி நீண்டு காதுப்பக்கம் ஏறி இருக்கும். அது அதை செஞ்சவர் கையெழுத்து, அதை மாத்தி சினிமா போஸ்டர் கண்ணு போட நமக்கு உரிமை இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

பெயிண்ட்டு உதிர்ந்து மண்ணு தெரியுதுன்னா சாக் பவுடரை பெவிகால்ல குழைச்சு மெல்லிசா தடவி ஒரு நாள் காய விட்டு, நைஸ் உப்புத்தாள்ல லேசா தேய்ங்க. சேலத்து வெயிலுக்கு அரை நாளே போதும். ஏற்காட்டுல சித்தி வீட்ல ஒரு தடவ இதை பண்ணப்போ பனிமூட்டம் ஜன்னல் வழியா உள்ளயே வந்துக்கிட்டு இருந்துச்சு, ரெண்டு நாள் ஆகியும் தொட்டா மெத்துனு இருந்துச்சு, கடைசில மேஜை லைட்டு பக்கத்துல வெச்சு தான் காய வெச்சோம்.

கண்ணு மொத்தமா அழிஞ்சு போன பொம்மைன்னா இடம் கண்டுபிடிக்கிறது தான் கஷ்டம். மனுஷ தலைல உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதில கண்ணு இருக்கும், நம்மள்ல முக்காவாசி பேர் நெத்திய சின்னதாக்கி கண்ணை மேல தூக்கி வெச்சிடுவோம். கிரீடம், கொண்டை ரெண்டையும் கணக்குல சேக்காம அளந்துக்கங்க. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இன்னொரு கண்ணு அளவு இடைவெளி. இதை பென்சில்ல தொட்டும் தொடாம குறிச்சுக்கங்க.

இப்போ வெள்ளை. ட்யூப்ல இருந்து வர்ற அக்ரிலிக் வெள்ளைய அப்படியே வெச்சா கண்ணு முட்டை ஓடு மாதிரி முறைக்கும். ஊசி முனை அளவு மஞ்சளும் பிரவுனும் கலந்துக்கங்க. அது காஞ்சதும் மேல் இமைக்கு கீழ ஒட்டுனாப்ல தண்ணியா சாம்பல் கலர்ல ஒரு கோடு. கண்ணுங்கறது இலை மாதிரி தட்டையானது இல்ல, 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு உருண்டை, இமை அது மேல போத்தின போர்வை, போர்வைக்கு ஒரு தடிமன் இருக்குல்ல, அதோட நிழல் தான் உருண்டை மேல விழுது. அந்த சாம்பல் கோடு ஒன்னு போட்டதும் கண்ணு உள்ள போய் உக்காந்துக்கும், போட்டு பாத்தா தான் தெரியும்.

கருவிழிக்கு பிரவுன். முழு வட்டமா போடாதீங்க, மேல் பக்கம் கொஞ்சம் இமைக்குள்ள மறைஞ்சிருக்கணும், நிஜத்துலயும் ஒன்னு ரெண்டு மில்லிமீட்டர் மறைஞ்சு தான் இருக்கும். சுத்தி வெள்ளை தெரிஞ்சா அது பயம் இல்லன்னா கோவம். காளிக்கும் ஐயனாருக்கும் அது சரி, மீனாட்சிக்கு ஆகாது. மனுஷனுக்கு மத்த மிருகத்தை விட வெள்ளை விழி அதிகமா வெளிய தெரியும், அதை வெச்சு தான் எதிர்ல இருக்குறவங்க எங்க பாக்குறாங்கன்னு ஒரு நொடில புடிச்சிடுறோம், அதனால இங்க கால் மில்லிமீட்டர் பிசகினாலும் பொம்மை வேற எங்கயோ பாக்கும். மேல் படில வெக்கிற பொம்மைக்கு நான் கருவிழிய ஒரு மயிரிழை கீழ இறக்கிடுவேன், இல்லாட்டி ஒன்பதாம் படி பெருமாள் நம்ம தலைக்கு மேல ட்யூப்லைட்டை பாத்துக்கிட்டு நிப்பாரு.

நடுவுல கறுப்பு பாப்பா, அதாவது கண்மணி. நிஜத்துல அது ஒரு பொருளே இல்ல, ஓட்டை, உள்ள போன வெளிச்சம் நம்ம பக்கம் திரும்பி வராததால கறுப்பா தெரியுது. இருட்டுல 8 மில்லிமீட்டர் வரைக்கும் விரியும், நல்ல வெளிச்சத்துல 2க்கு சுருங்கும். பொம்மைக்கு கருவிழில மூணுல ஒரு பங்கு வெச்சா போதும், குழந்தை கிருஷ்ணனுக்கு மட்டும் கொஞ்சம் கூட வைங்க, பாசமா பாக்குற மாதிரி வரும்.

இனிமே தான் உயிர் குடுக்குற வேலை, கொஞ்சம் நிதானமா படிங்க. கருவிழி மேல ஒரு வெள்ளைப் புள்ளி. பொம்மைக்கும் பாவைன்னு தான் பேரு, கண்மணிக்கும் பாவைன்னு தான் பேரு, யோசிச்சிருக்கீங்களா? உங்க குழந்தைய மடில போட்டு கண்ணுக்குள்ள கிட்ட போய் பாருங்க, அங்க குட்டியா நீங்க தெரிவீங்க. கருவிழிக்கு மேல மூடியிருக்குற கண்ணாடி மாதிரி சவ்வு வெளிப்பக்கமா குவிஞ்சிருக்கு, கண்ணீர் பட்டு பளபளன்னு இருக்கு, அதனால பைக் கண்ணாடில தெரியுற மாதிரி எதிர்ல இருக்குறதை சின்னதா காட்டுது. அந்த குட்டி உருவம் தான் பாவை. 1123வது குறள்ல வள்ளுவர் அந்த பாவைய தான் எழுந்து போகச் சொல்றாரு, காதலிக்கு கண்ணுக்குள்ள இடம் பத்தலையாம். லத்தீன்லயும் கண்மணிக்கு குட்டி பொம்மைன்னு அர்த்தம் வர்ற பேரு தான், எங்கயோ இருந்தவங்களும் அதையே பாத்திருக்காங்கன்னு படிச்சப்போ எனக்கு மெய் சிலிர்த்துடுச்சு.

அப்போ நாம வெக்கிற வெள்ளைப் புள்ளி என்ன? எதிர்ல இருக்குற ஜன்னலோ விளக்கோ அங்க தெரியுது, அவ்வளவு தான். ஜன்னல் ஒன்னு தான்கிறதால ரெண்டு கண்லயும் புள்ளி ஒரே பக்கம் தான் விழும். நான் நாலஞ்சு பொம்மைல அழகுக்குன்னு இடது கண்ல இடப்பக்கமும் வலது கண்ல வலப்பக்கமும் எதிரெதிரா வெச்சேன், அத்தனையும் மாறுகண்ணா போச்சு. கண் டாக்டர் டார்ச் அடிச்சு பாக்குறதும் இதைத்தான், ரெண்டு கருவிழிலயும் ஒளிப்புள்ளி ஒரே மாதிரி இடத்துல விழலைன்னா மாறுகண்ணு இருக்கான்னு சந்தேகப்படுவாங்க. அதனால கடிகாரத்துல பத்து மணி இருக்குற இடம்னா ரெண்டுலயும் பத்து மணி. பிரஷ் வேணாம், குண்டூசி தலைய சுத்தமான வெள்ளைல தொட்டு ஒத்தி எடுங்க, மூச்சை நிறுத்திக்கங்க.

அது காஞ்சதும் கண்ணு மேல மட்டும் பளபளப்பு வார்னிஷ், தண்ணில கலக்குற வகை, ஒரே ஒரு சொட்டு. சுத்தி பழைய பெயிண்ட்ல படக்கூடாது, கரைஞ்சிடும். கண்ணுக்கு ஈரம் தான் உயிர், அதை இந்த சொட்டு குடுக்கும். எகிப்துல சக்காராங்குற எடத்துல 1850ல கிடைச்ச கணக்கப்பிள்ளை சிலை இப்போ பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு, 4,000 வருஷத்துக்கு மேல பழசு. அதை செஞ்ச ஆளு வெள்ளை விழிக்கு சிவப்பு நரம்பு ஓடுற வெள்ளைக்கல்லும், கருவிழிக்கு முன்பக்கம் பளபளன்னு தேய்ச்ச படிகக்கல்லும் பதிச்சு, செம்புல கட்டியிருக்காரு. எந்த பக்கம் வெளிச்சம் இருந்தாலும் அந்த கல்லே புள்ளிய வரவழைச்சுக்கும். எங்க பூஜை ரூம்ல இருக்குற கண்மலரும் அப்படித்தான், மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு வாங்கினதுல ஒரு ஜோடி. மெல்லிசு வெள்ளித்தகடு, இமைக்கு ஒரு கோடு, கண்மணி இருக்குற இடத்துல மட்டும் பின்னாடி இருந்து அமுக்கி முன்னாடி மொட்டு மாதிரி தள்ளியிருக்கு. விளக்கு ஏத்தினா தகடு பூரா மங்கலா இருக்கும், அந்த மொட்டு மட்டும் மின்னும். சிரியால டெல் ப்ராக்ங்குற மேட்டுல தோண்டினப்போ 5,000 வருஷத்துக்கு முந்தின சின்ன சின்ன கல்லு உருவம் நிறைய கிடைச்சிருக்கு, மூக்கு இல்ல, வாய் இல்ல, உடம்பு மேல ரெண்டு பெரிய கண்ணு மட்டும். சாமிக்கு முன்னாடி வெக்க கண்ணு போதும்னு அவங்களுக்கும் தோணியிருக்கு பாருங்க.

மேல் இமைக்கு கறுப்பு கோடு, மை தீட்டுன மாதிரி நடுவுல தடிச்சு ஓரத்துல மெலிஞ்சு. ட்ரிபிள் ஜீரோன்னு (000) நம்பர் போட்ட ரொம்ப மெல்லிசு பிரஷ் தான் சரி. கீழ் இமைக்கு கறுப்பு வேணாம், வெளிறின ரோஸ் போதும். புருவம் கடைசில.

சிற்பிங்க கோயில் சிலைக்கு கண் திறக்கிறதை எல்லா வேலையும் முடிச்சு கடைசில தான் பண்ணுவாங்க, தங்க ஊசியால. நானும் சேலை, நகை, உதடு எல்லாத்தையும் முடிச்சுட்டு தான் கண்ணுக்கு வர்றேன். கண்ணை முதல்லயே எழுதிட்டா அது பாத்துக்கிட்டே இருக்கும்போது மத்ததை பண்ண கை வராது.

எழுதி முடிச்சு ஒரு நாள் தொடாதீங்க. அப்புறம் ரூம் லைட்டை அணைச்சுட்டு போன் டார்ச்சை பொம்மை மூஞ்சிக்கு நேரா ஒரு முழம் தள்ளி புடிச்சு இடம் வலமா மெதுவா நகத்துங்க. வார்னிஷ் மேல ஒளி ரெண்டு கண்லயும் சேந்தே நகரணும், ஒன்னு முந்துச்சுன்னா அந்த சொட்டு சாஞ்சு காஞ்சிருக்குன்னு அர்த்தம், மேல இன்னொரு சொட்டு வெச்சு சரி பண்ணிக்கலாம். கொலு முடிஞ்சு பெட்டில வெக்கும்போது நியூஸ்பேப்பரை நேரா மூஞ்சில சுத்தாதீங்க, மை ஒட்டிக்கும், பழைய மல் வேட்டி துணிய ரெண்டா மடிச்சு கண்ணு மேல கட்டிட்டு அப்புறம் பேப்பர் சுத்துங்க.