எவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்க வேணும்? உடுப்பில் தமிழ் எழுத ஒரு கொக்குவில்காரியின் குறிப்புகள்

பெயின்ற் வாங்க ஓடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இந்த எழுத்தை யார், எவ்வளவு தூரத்தில் நின்று வாசிக்கப் போகிறார்கள்? அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். வேலை கேட்டு வருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது இதைத்தான். சேலைக்கும் ரீசேர்ட்டுக்கும் நான் கேட்பதும் அதே கேள்விதான். எழுத்தின் அளவு, இடம், பிரஷ் எல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

உலகத்தில் இது புதிய கதை இல்லை. 1922 வாக்கில் பாரிஸில் ஓவியர் சோனியா டெலோனே கவிதை வரிகளை நிறக்கட்டங்களோடு சேர்த்து உடைகளை வடிவமைத்தார். கிட்டே வந்து தேடிப் பார்க்கிறவருக்கான வேலை அது. 1984 இல் லண்டனில் உடை வடிவமைப்பாளர் கதரின் ஹம்னெற் ஏவுகணைக்கு எதிரான வாசகத்தைப் பெரிய கட்டை எழுத்தில் ரீசேர்ட்டில் போட்டுக்கொண்டு போய்ப் பிரதமர் தட்சருக்குக் கை கொடுத்தார். அது தூரத்துக்கு, அதாவது கமராவுக்கு. உங்களுடையது எந்தப் பக்கம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது இங்கே யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் அதிகம் கேட்பது, தொளதொளவென்ற ரீசேர்ட்டின் முதுகில் ஒரு தமிழ் வரி. 'யாதும் ஊரே' வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் அந்தச் சட்டை ஏற்கெனவே ஊர் முழுக்க நடமாடுகிறது. வீட்டில் புழங்குகிற ஒரு பேச்சை எடுங்கள். என் பெறாமகளுக்கு 'பொறு வாறன்' என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்கூட்டியில் ஆமை வேகத்தில் போகிறவள் அவள். பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இப்போது சட்டை சொல்கிறது. ஓடுகிற முதுகில் மூன்று சொல்லுக்கு மேல் யாரும் வாசிக்க மாட்டார்கள். தேவாரம், சாமி பெயர் எழுதுவதென்றால் தோளுக்குக் கிட்ட எழுதுங்கள். கதிரையில் இருந்தால் அடியில் போகிற இடத்தில் வேண்டாம், நல்லூர்த் திருவிழாவில் ஒரு ஆச்சியாவது பிடித்து நிறுத்திக் கேட்பார்.

எழுத்து மாதிரிக்குக் கணினி எழுத்துருவையே நம்பி இருக்க வேண்டாம். பாலூ தம்பி (Baloo Thambi) என்ற எழுத்துரு தடித்தது, தூரத்துக்கு நல்லது. கவிவனார் கையெழுத்துச் சாயல். இரண்டும் இலவசம். ஆனால் எனக்குப் பிடித்தது பழைய அச்சு. ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த ஊர் இது. நூலகம் என்ற இணையத்தளத்தில் பழைய யாழ்ப்பாணப் புத்தக அட்டைகளையும் சஞ்சிகைத் தலைப்புகளையும் ஒரு மாலை முழுக்கப் புரட்டுங்கள். 1978 இல் தமிழ்நாடு செய்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். சேலைத் தலைப்பில் அதைவிட வடிவான அலங்காரம் வேறு தேவையில்லை.

துணி கொட்டனாக இருக்கட்டும். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், ஒருமுறை தோய்த்துக் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்தாக உருண்டு நின்றால் இன்னொரு முறை தோய்க்க வேணும்.

சேலையென்றால் மேசையில் விரித்து அளக்காதீர்கள். உடுத்துக்கொண்டு, தங்கச்சியையோ அம்மாவையோ கூப்பிட்டு, எழுத்து வரவேண்டிய இடத்தில் ஊசி குத்தச் சொல்லுங்கள். தலைப்பை மடிப்பெடுத்துக் குத்துகிறவர்களுக்கு நடுவில் எழுதினால் பாதி எழுத்து மடிப்புக்குள் போய்விடும். அவர்கள் கரையோரமாகச் சின்னதாக எழுதலாம். தலைப்பை விரித்து விடுகிறவர்கள் அகலவாக்கில் பெரிதாக எழுதலாம்.

நேர்கோட்டுக்கு அப்பாவின் வழி: தையல் நூலில் வெண்கட்டியை நன்றாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டு விடுங்கள். டப் என்று ஒரு கோடு விழும், தட்டினால் போய்விடும். அடிமட்டம் துணியை இழுத்துக் கோட்டை வளைக்கும். எழுத்தையும் முதலில் வெண்கட்டியால் போடுங்கள். அப்புறம் இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ல, ள, ழ மாறினால் பெயின்றை அழிக்க முடியாது.

பூசும்போது துணிக்கு அடியில் மட்டை வையுங்கள், ரீசேர்ட்டென்றால் உள்ளே விடுங்கள், ஆனால் துணி இழுபடக் கூடாது. இழுபட்ட துணியில் எழுதியது விட்டவுடன் சுருங்கி நெளியும். துணிக்கென்று விற்கிற அக்ரிலிக் பெயின்றையே எடுங்கள், தண்ணீரை மிகக் குறைத்துக் கலவுங்கள், கூடினால் ஓரம் பரவும். வளைவுகளை ஒரே இழுவையில் இழுக்க வேண்டும், நடுவில் கையை எடுத்தால் அந்த மூட்டு பிறகு வெடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ண, ஞ, ஐ மூன்றும்தான் சோதனை. சின்னதாக எழுதினால் அவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். பிரஷ் வேலையில் எழுத்து இரண்டு விரல் உயரத்துக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சின்னது வேண்டுமென்றால் ஊசிநூல்தான். புள்ளியைப் பிரஷ் முனையால் வைக்காதீர்கள், வால் விழும். பிரஷின் பின்பக்கக் கட்டையைத் தோய்த்து ஒருமுறை குத்தி எடுத்தால் வட்டமான புள்ளி.

கடையில் அச்சடிக்கக் கொடுக்கிறவர்கள் எழுத்தைத் தட்டச்சு செய்து அனுப்பாமல் படமாகவே அனுப்புங்கள். சில மென்பொருள்களில் தமிழ் உடைந்து, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். அடிக்க முன் மாதிரியைக் கேட்டு, கொ, கோ, கை, புள்ளி நான்கையும் பாருங்கள். விற்பதற்கென்றால் இன்றைய கவிஞரின் வரிக்கு அவரிடம் அனுமதி கேளுங்கள். இலங்கைச் சட்டத்தில் எழுதியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. பாரதி 1921 இல் போனவர், அவரில் பிரச்சினை இல்லை.

காயவிடுவது வீட்டுக்குள். சோளகம் வீசுகிற மாதங்களில் முற்றத்துக் கொடியில் போட்டால் ஈரப் பெயின்றில் புழுதி முழுக்க ஒட்டும். ஒரு நாள் காய்ந்தபின் துணியைப் புரட்டி, பின்பக்கமாக, நீராவி இல்லாமல் இஸ்திரிப் பெட்டியால் மினுக்குங்கள். பிறகு மூன்று நாளைக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம்.

தோய்க்கும்போதும் உள்புறத்தை வெளியே திருப்புங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, சவர்க்காரம் லேசில் நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று கல்லில் போட்டுத் தேய்க்கிறோம், அங்கேதான் எழுத்து உரிகிறது. சவர்க்காரத் தூளில் ஊறவைத்து, கையால் அமுக்கி அலசினால் போதும். உரிந்தால் உரிந்த இடத்தை மட்டும் மெல்லிய பிரஷால் நிரப்புங்கள். முழு எழுத்துக்கும் மேல் இன்னொரு பூச்சு போட்டால் துணி விறைத்துவிடும்.