எலுமிச்சை, ஆரஞ்சுப் பொருட்களை முகத்தில் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி

எலுமிச்சைச் சாற்றை நேரடியாக முகத்தில் தேய்க்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண், சாற்றில் 2 முதல் 2.5 வரை. ஆரோக்கியமான சருமத்தின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டி இருக்கும். பிஎச்சில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும் என்பதால், சாறு சருமத்தைவிடச் சில நூறு மடங்கு அமிலம். சரி, வைட்டமின் சி-யாவது கிடைக்குமா என்றால், 100 கிராம் சாற்றில் இருப்பது ஏறக்குறைய 40 மில்லிகிராம், அதாவது 0.04 சதவீதம்தான். சருமத்துக்கென்று தயாராகும் சீரங்களில் அது 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும்.

எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற சிட்ரஸ் பழங்களிலிருந்து சருமத்துக்கு வரும் பொருட்கள் பல. ஒன்றுக்குச் சொல்லும் பலன் இன்னொன்றுக்குப் பொருந்தாது, ஒன்றின் ஆபத்தும் அப்படியே. அதனால் 'சிட்ரஸ் கலந்தது' என்ற முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டு, பின்பக்கப் பட்டியலில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

சிட்ரிக் அமிலம் பெரும்பாலான கிரீம்களில் பிஎச்சைச் சரிசெய்ய மிகச் சிறிய அளவில்தான் சேர்க்கப்படுகிறது. அதற்குப் பயப்பட வேண்டாம். இறந்த செல்களை நீக்கும் பொருளாக அதிகம் சேர்த்திருந்தால், மற்ற ஏஹெச்ஏ (ஆல்ஃபா ஹைட்ராக்ஸி) அமிலங்களைப் போலவே வெயிலில் சருமம் சீக்கிரம் கருகும். வீட்டில் பயன்படுத்தும் ஏஹெச்ஏ பொருட்களுக்கு மொத்த அமிலம் 10 சதவீதத்துக்குள், பிஎச் 3.5-க்குக் குறையாமல் இருப்பது நல்ல எல்லை. இரவில் பூசுங்கள், பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

வைட்டமின் சி, அதாவது எல்-அஸ்கார்பிக் அமிலம், சருமத்துக்குள் இறங்க பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் எரிச்சல்தான் கூடும். சீரம் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பானால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். கடையில் விற்கும் சிட்ரிக் அமிலமும் வைட்டமின் சி-யும் பெரும்பாலும் பழத்திலிருந்து எடுத்தவை அல்ல. சர்க்கரையை நுண்ணுயிர்கள் மூலம் மாற்றித் தயாரிப்பவை. மூலக்கூறு ஒன்றேதான், தரத்தில் குறைவில்லை.

பழத்தோலிலும் வெள்ளைப் பகுதியிலும் உள்ள ஹெஸ்பெரிடின் போன்ற ஃபிளேவனாய்டுகள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. ஹெஸ்பெரிடின் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் கரையும்படி மாற்றிய குளுக்கோசில் ஹெஸ்பெரிடின் என்ற பெயரைப் பட்டியலில் தேடுங்கள். ஆய்வுக்கூடத்தில் இவை காட்டும் பலனுக்கு ஈடான சான்று மனிதச் சருமத்தில் இன்னும் சேரவில்லை. துணைப்பொருளாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

அதிகக் கவனம் வேண்டியது பழத்தோல் எண்ணெயில்தான்.

எசென்ஷியல் ஆயில் என்று விற்கும் இந்த எண்ணெயில் இரண்டு தனித்தனி ஆபத்துகள் உண்டு. ஒன்று, ஃபியூரனோகுமரின்கள் என்ற தாவர வேதிப்பொருட்கள். பெர்கப்டென் இவற்றில் முக்கியமானது. இவை சருமத்தில் இருக்கும்போது வெயிலில் உள்ள யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் பட்டால் செல்கள் வெந்துபோகும். சிவப்பும் கொப்புளமும் பெரும்பாலும் ஒரு நாள் கழித்தே தெரியும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். பிறகு வரும் கருமை மறைய மாதங்கள் ஆகலாம். இது ஒவ்வாமை அல்ல; போதிய எண்ணெயும் போதிய வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரும். சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிஏ-வை முழுதாகத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாச் சிட்ரஸ் எண்ணெயும் இப்படிச் செய்யாது. பழத்தோலை அழுத்திப் பிழிந்த பெர்கமாட் (மணமுள்ள ஒரு சிட்ரஸ் பழம்), லைம், லெமன், கிரேப்ஃப்ரூட், கசப்பு ஆரஞ்சு ஆகியவை வெயிலோடு சேர்ந்தால் ஆபத்து. இனிப்பு ஆரஞ்சும் மாண்டரினும் பிழிந்ததாக இருந்தாலும் அந்தப் பிரச்சினை இல்லை. நீராவியில் வடித்த லைம், லெமன் எண்ணெய்களும் பாதுகாப்பானவை. ஃபியூரனோகுமரின்கள் கனமானவை, ஆவியோடு ஏறி வருவதில்லை. பெர்கமாட் வேண்டுமென்றால் 'எஃப்சிஎஃப்' என்று குறித்ததை வாங்குங்கள், அதில் அந்தப் பொருளை நீக்கியிருப்பார்கள். பெயரை முழுதாகப் படிப்பது முக்கியம். சிட்ரஸ் ஆரன்டியம் டல்சிஸ் என்றால் இனிப்பு ஆரஞ்சு, சிட்ரஸ் ஆரன்டியம் அமாரா என்றால் கசப்பு ஆரஞ்சு. கடைசிச் சொல்லில்தான் வித்தியாசமே.

கழுவாமல் விடும் பொருட்களுக்கு இஃப்ரா (சர்வதேச நறுமணப் பொருள் சங்கம்) அமைப்பு வைத்திருக்கும் உச்ச அளவுகள்: பிழிந்த பெர்கமாட் 0.4 சதவீதம், லைம் 0.7, கசப்பு ஆரஞ்சு 1.25, லெமன் 2, கிரேப்ஃப்ரூட் 4. இரண்டைக் கலந்தால் ஒவ்வொன்றுக்கும் முழு அளவு கிடையாது. பெர்கமாட் 0.2 சேர்த்தால் அதன் எல்லையில் பாதி போய்விட்டது. லெமனிலும் பாதி, அதாவது 1 சதவீதம்தான் சேர்க்கலாம். இவை வெயில் ஆபத்துக்கான எல்லைகள் மட்டுமே. முகத்துக்கு எந்த எண்ணெயானாலும் 0.5 சதவீதத்தைத் தாண்டாதீர்கள்.

இரண்டாவது ஆபத்து லிமோனீன் என்ற வாசனைப் பொருள். இனிப்பு ஆரஞ்சு எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இதுதான். புதிதாக இருக்கும்போது சாது. காற்றுப் பட்டால் ஹைட்ரோபெராக்சைடாக மாறும், அது ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை பதிந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும். ஆகவே எண்ணெய் எவ்வளவு பழையது, எப்படி வைத்திருந்தது என்பது, எவ்வளவு சேர்த்தோம் என்பதற்குச் சமமான முக்கியம்.

முகத்துக்கு 30 கிராம் எண்ணெய் தயாரிக்க:

1. 0.01 கிராம் வரை காட்டும் தராசு எடுத்துக்கொள்ளுங்கள். 20 சொட்டு ஒரு மில்லி என்ற கணக்கு நம்பத்தக்கதல்ல. புட்டியின் வாய்க்கு ஏற்பச் சொட்டின் அளவு மாறும்.
2. ஈரமில்லாத பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் ஜோஜோபா எண்ணெய் 29.7 கிராம் ஊற்றுங்கள்.
3. பிழிந்த இனிப்பு ஆரஞ்சு எண்ணெய் 0.15 கிராம், வைட்டமின் ஈ 0.15 கிராம் சேர்த்து மூடி, மெதுவாகப் புரட்டிக் கலக்குங்கள்.
4. தேதி எழுதி ஒட்டுங்கள்.

இதில் தண்ணீரோ சாறோ சேர்க்காதீர்கள். தண்ணீர் வந்தால் கிருமி வளரும், முறையான பதப்படுத்தி தேவைப்படும். அதற்கு கிரேப்ஃப்ரூட் விதைச் சாற்றை நம்ப வேண்டாம். கிருமியைக் கொன்ற விதைச் சாறுகளைச் சோதித்தபோது, அவற்றில் பென்செத்தோனியம் குளோரைடு போன்ற செயற்கைப் பதப்படுத்திகளே கண்டுபிடிக்கப்பட்டன.

கலக்காத சிட்ரஸ் எண்ணெய்ப் புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பாதி காலியானதும் சின்னப் புட்டிக்கு மாற்றுங்கள். மேலே நிற்கும் காற்றுதான் எதிரி. ரப்பர் குமிழ் வைத்த டிராப்பரைப் போட்டு மூடாதீர்கள். லிமோனீன் ரப்பரை இளக்கும். குமிழ் பிசுபிசுத்து, அதன் கசடு எண்ணெயில் இறங்கும். திறந்து ஒரு வருடம் ஆனாலோ, டர்பன்டைன் வாடை அடித்தாலோ, புட்டி வாயில் பிசின் போல ஒட்டினாலோ சருமத்தின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

முகத்தில் போடும் முன், கலந்த எண்ணெயை முன்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு இடத்தில் நாளுக்கு இருமுறை, 7 முதல் 10 நாள் வரை பூசிப் பாருங்கள். ஒரே நாள் சோதனை போதாது, ஒவ்வாமை தாமதமாகவும் வரும். கலக்காத எண்ணெயை வைத்துச் சோதிக்கவே கூடாது. வெயிலால் வரும் பாதிப்பை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு மேலே சொன்ன தேர்வும் அளவும்தான் காப்பு. டாக்சிசைக்ளின் போல வெயில் கூச்சம் தரும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

தவறு நடந்துவிட்டால் எந்த வகை என்று முதலில் பாருங்கள். வழிந்த கோடு, விரல் தடம் போன்ற வடிவில் எரிச்சலும் கொப்புளமும் இருந்தால் பெரும்பாலும் வெயில் பாதிப்பு. சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வைத்து, வெயில் படாமல் மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், பரவலாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள். அரிப்புத்தான் மிஞ்சி நிற்கிறது, பூசாத கண் இமையிலும் வருகிறது என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சரும மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (சருமத்தில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) கேளுங்கள், ஆக்சிஜனேற்றமடைந்த லிமோனீனையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். போகும்போது முகத்துக்குப் போடும் புட்டிகளோடு ஷாம்பு, கைகழுவும் திரவம், பாத்திரம் துலக்கும் திரவம் ஆகியவற்றின் லேபிள்களையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். லிமோனீன் அவற்றிலும் இருக்கும்.