ரோஸ்டரில் ஓரவஞ்சனையா? தாதியர் முறையிடும் வழி

இரவு டூட்டி திரும்பத் திரும்பத் தமிழ்ப் பிள்ளைகளுக்கே விழுகிறது, மேல்பயிற்சிக்கு மட்டும் அவர்கள் பெயர் வருவதில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்துத் தனியார் மருத்துவமனையில் இப்படி நடந்தால், தாதியர் தலைவியான மேட்ரனிடம் பேசுவதற்கு முன் ரோஸ்டரை, அதாவது சுவரில் ஒட்டும் டூட்டி அட்டவணையை, சேர்த்து வையுங்கள்.

புதியது ஒட்டியதும் பழையதைக் கிழித்துவிடுவார்கள். அதனால் ஒட்டிய அன்றே படம் பிடியுங்கள். நோயாளி பெயர் உள்ள பலகை படத்தில் விழவே கூடாது. விழுந்தால் ஒழுங்கு நடவடிக்கை உங்கள் மேலேயே திரும்பும். 12 வாரம் சேர்ந்ததும் ஆளுக்கு எத்தனை இரவு, எத்தனை ஞாயிறு, எத்தனை பொது விடுமுறை என்று எண்ணுங்கள். ஒரே பதவி, கிட்டத்தட்ட ஒரே சர்வீஸ் உள்ளவர்களை மட்டுமே ஒப்பிட வேண்டும். பத்து வருஷ சீனியரோடு புதிதாகச் சேர்ந்தவரை வைத்தால் கணக்கு அங்கேயே உடையும். வேலை நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்: ஷிப்ட் வேலைக்கு மூன்று வாரச் சராசரி, வாரம் 45 மணியைத் தாண்டக்கூடாது.

பேச்சால் நோகடித்தால் தேதி, ஷிப்ட், வார்டு, கூட நின்றவர், சொன்ன வார்த்தை எல்லாம் அன்றே நோட்டில் ஏற வேண்டும். "கேவலமாகப் பேசினார்" என்று எழுதிப் பயனில்லை. மலாயில் ஏசினால் மலாயிலேயே எழுதுங்கள்.

கடிதம் மலாயில், ஒரே பக்கம். கோரிக்கையும் ஒன்றே: இரவு டூட்டி எல்லாருக்கும் சுழற்சியில் வரட்டும். 14 நாளில் பதில் கேளுங்கள், நகலில் "பெற்றோம்" முத்திரை வாங்குங்கள். தனியாகப் போனால் பிரச்சினைக்காரி என்று ஒதுக்குவார்கள்; மூன்று பேராவது கையெழுத்திடுங்கள். நியாயம் தெரிந்த மலாய், சீனத் தாதியரையும் கேளுங்கள், பலர் வருவார்கள்.

மருத்துவமனையின் தேவையையே வாதமாக வையுங்கள். 1945 ஜனவரியில், ராணுவத்துக்குத் தாதியர் போதவில்லை, கட்டாயமாக ஆள் சேர்க்கலாம் என்றது அமெரிக்க அரசு. கறுப்பினத் தாதியருக்கோ அதே ராணுவத்தில் எண்ணிக்கை வரம்பு. ஆள் இல்லை என்கிறீர்கள், எங்களை ஏன் எடுக்கவில்லை என்று கறுப்பினத் தாதியர் சங்கத்தின் செயலாளர் மேபல் ஸ்டாப்பர்ஸ் கேட்டார். ஆதரவுத் தந்திகள் குவிந்தன. அந்த மாதமே வரம்பு போயிற்று. ஆள் பற்றாக்குறை என்று சொல்லும் வார்டில் இந்தக் கேள்வி இன்றைக்கும் எடுபடும்.

பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகா. 1955 வேலைச் சட்டத்தில் (Employment Act) 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 69எஃப் பிரிவின்படி, வேலையிடப் பாகுபாட்டுத் தகராற்றை இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். அந்த உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். எது பாகுபாடு என்று சட்டம் விளக்கவில்லை. ஆகவே உங்கள் 12 வார அட்டவணைதான் பேசும்.

அரசாங்கத் தாதியருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒரே நிலையில் உள்ள கூட்டரசு ஊழியரை இன வேறுபாடின்றி நடத்தச் சொல்லும் அரசியலமைப்பின் 136ஆம் விதியைக் கடிதத்தில் காட்டி, துறைத் தலைவருக்கு எழுதுங்கள். தனியாரில் வேலையை விட்டே நீக்கினால் தொழில் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் மனு பதிய வேண்டும். மருத்துவமனையின் பதிலுக்குக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.